பழைய முகவரியைச் சொல்வது யார்? லினக்ஸ் கணினியில் டிஎன்எஸ் விடைகளைப் பின்தொடர்தல்

ஓர் இணையத்தளம் புதிய வழங்கிக்கு மாற்றப்பட்ட பிறகும் ஒரு கணினி மட்டும் பழைய வழங்கியையே தேடிப் போகிறது என்றால், பெரும்பாலானோர் உடனே கேச்சை, அதாவது டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் வழங்கியின் எண் முகவரியைச் சொல்லும் முறை) முன்பு தந்த விடைகளின் சேமிப்பை, அழிக்கிறார்கள். இணையத்தில் தேடினாலும் அதற்கான ஒற்றைக் கட்டளைதான் முதலில் கிடைக்கிறது. நான் அதற்கு நேர்மாறான ஒழுங்கையே வலியுறுத்துவேன்: பழைய விடையைத் தருவது யார் என்று தெரியும்வரை எதையும் அழிக்கக் கூடாது. அழித்தபின் பிரச்சினை தீர்ந்துவிட்டால் அது ஏன் தீர்ந்தது என்பது தெரியாமலே போகும். தீராவிட்டாலோ, அழிப்பதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்பதற்கான தடயமும் கையைவிட்டுப் போயிருக்கும்.

அண்மையில் இந்த ஒழுங்கு முழுமையாகப் பயன்பட்ட ஒரு சம்பவத்தை வைத்தே இதை எழுதுகிறேன். களுவாஞ்சிகுடியில் உயர்தர மாணவர்களுக்கு வகுப்பு நடத்தும் ஒரு கல்வி நிலையம், மாதிரி வினாத்தாள்களையும் பாடக் குறிப்புகளையும் கொண்ட தனது இணையத்தளத்தை, வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வழங்கியிலிருந்து வேறொரு வழங்கிக்கு மாற்றியது. அங்கே இணைந்த கணிதம் கற்பிக்கும் ஆசிரியை கல்லடியில் வசிக்கிறார். அவரது வீட்டுக் கணினியில் உபுண்டு நிறுவப்பட்டிருக்கிறது. “தம்பி, பிள்ளைகள் எல்லாரும் புதுப் பேப்பரைப் பாத்துட்டாங்க, எனக்கு மட்டும் பழைய பக்கம்தான் வருது. ரெண்டு நாள் பொறுங்க, தானா மாறும் எண்டு சொன்னாங்க, மாறவே இல்ல” என்று அவர் தொலைபேசியில் சொன்னார். “நான் வந்து பாக்கும் வரைக்கும் ஒண்டையும் அழிக்க வேணாம் ரீச்சர், ரவுட்டரையும் நிப்பாட்ட வேணாம்” என்று கேட்டுக்கொண்டேன்.

“48 மணித்தியாலம் பொறுங்கள், மாற்றம் உலகம் முழுவதும் பரவ வேண்டும்” என்ற அறிவுரை எங்கும் சொல்லப்படுகிறது. உண்மையில் டிஎன்எஸ்ஸில் எதுவும் பரவுவதில்லை. ஒரு பெயருக்குப் பொறுப்பான வழங்கி தன்னிடம் உள்ள பதிவை மாற்றியதும் அந்தச் செய்தியை அது எவருக்கும் வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. முன்பு கேட்டவர்கள் தங்கள் கையில் உள்ள விடையின் ஆயுட்காலம் முடிந்த பிறகு மீண்டும் வந்து கேட்கிறார்கள், அவ்வளவுதான். பாலமீன்மடுக் கரையில் காலையில் கேட்ட மீன் விலையை மதியம் சந்தையில் ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அவர் கேட்ட நேரம்தான் பழையது. டிஎன்எஸ்ஸின் சிறப்பு என்னவென்றால், ஒவ்வொரு விடையுடனும் அது எத்தனை செக்கன்களுக்குச் செல்லுபடியாகும் என்ற எண்ணும் சேர்ந்தே வருகிறது. ரிரிஎல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஆயுட்காலத்தைத் தளத்தின் உரிமையாளரே தீர்மானிக்கிறார். அது 300 ஆக இருந்தால் ஐந்து நிமிடம், 86400 ஆக இருந்தால் ஒரு முழு நாள். ஆகவே எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்று. 48 என்ற பொதுவான எண்ணைச் சொல்லி ஒருவரைக் காத்திருக்க வைப்பதை நான் ஏற்பதில்லை.

லினக்ஸில் இந்த விசாரணை சற்றுச் சிக்கலாகத் தோன்றுவதற்குக் காரணம், விடை வந்து சேரும் வழியில் பல படிகள் இருப்பதும், கணினிக்குக் கணினி அந்தப் படிகள் மாறுபடுவதுமாகும். உலாவி தனக்கென்று ஒரு சிறு கேச்சை வைத்திருக்கிறது. அதற்குக் கீழே ‘ஜிலிப்சி’ என்னும் அடிப்படை நூலகம் இருக்கிறது. பெயரை முகவரியாக மாற்றித் தரும் வேலையைப் பெரும்பாலான நிரல்கள் இதனிடமே ஒப்படைக்கின்றன. இந்த நூலகம் விடைகளைத் தானாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கணினியின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி அடைவில் உள்ள ‘என்எஸ்ஸ்விட்ச்’ அமைப்புக் கோப்பைப் பார்த்து, எந்த வரிசையில் யார் யாரிடம் கேட்பது என்பதை மட்டும் அறிந்துகொள்கிறது. வழக்கமாக முதலில் வருவது அதே அடைவில் உள்ள ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பு. வலையமைப்பில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களையும் ஒரே கோப்பில் எழுதி எல்லோரும் படியெடுத்துக்கொண்ட காலத்தின் மிச்சம் அது. அந்த முறை தாங்காமற் போனதால்தான் போல் மொக்கபெட்ரிஸ் 1983இல் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆர்எஃப்சி வரிசையில், இன்றும் அடிப்படையாக உள்ள 1034, 1035 ஆகிய ஆவணங்கள் 1987இல் வெளிவந்தன. ஹோஸ்ட்ஸ் கோப்புக்கு அடுத்தபடியாக, உபுண்டுவிலும், 2020இல் வந்த ஃபெடோரா 33 முதல் ஃபெடோராவிலும் ‘சிஸ்டம்டி-ரிசால்வ்ட்’ என்ற சேவை இயல்பாகவே இயங்குகிறது. கணினிக்குள்ளேயே 127.0.0.53 என்ற முகவரியில் கேள்விகளை வாங்கி, விடைகளை நினைவில் வைத்துக்கொள்வது இதுதான். அதற்கப்பால் வீட்டு ரவுட்டர், இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் டிஎன்எஸ் வழங்கி, கடைசியில் அந்தப் பெயருக்குப் பொறுப்பான வழங்கி என்று வரிசை நீள்கிறது.

இவ்வளவு படிகள் இருப்பதால் நான் எப்போதும் இரண்டு முனைகளையும் முதலில் பார்த்துவிட்டுத்தான் நடுவுக்கு வருவேன். கணினி இறுதியாக எந்த முகவரியை நம்புகிறது என்பது ஒரு முனை. பொறுப்பான வழங்கி இந்தக் கணத்தில் என்ன சொல்கிறது என்பது மறுமுனை. இரண்டும் ஒத்துப்போனால் நடுவில் உள்ள எந்தக் கேச்சையும் குற்றஞ்சாட்ட இடமில்லை. (கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.)

அதற்கும் முன்னால், இது டிஎன்எஸ் பிரச்சினைதானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். உலாவி பழைய பக்கத்தின் பிரதியையே சேமித்து வைத்துக் காட்டலாம். ‘கர்ல்’ கட்டளைக்கு ‘--ரிசால்வ்’ என்ற தெரிவைக் கொடுத்து, தளத்தின் பெயர், துறை (போர்ட்) எண், புதிய வழங்கியின் முகவரி ஆகிய மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்து எழுதினால், டிஎன்எஸ்ஸைக் கேட்காமலே நேராகப் புதிய வழங்கிக்குப் போய்ப் பக்கத்தை எடுத்து வரும். ஆசிரியையின் கணினியில் இப்படிச் செய்தபோது புதிய பக்கம் உடனே வந்தது. தெரிவை நீக்கிவிட்டுச் சாதாரணமாகக் கேட்டபோது பழைய பக்கம் வந்தது. உலாவியைத் திறக்காமலே இந்த வேறுபாடு தெரிந்துவிட்டதால், கேள்வி முகவரியைப் பற்றியதுதான் என்பது உறுதியாயிற்று.

கணினி எதை நம்புகிறது என்று அறிய நான் பயன்படுத்துவது ‘கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ்’ என்ற கட்டளை. அதனுடன் தளத்தின் பெயரைக் கொடுத்தால், சாதாரண நிரல்கள் கேட்கும் அதே வழியில், என்எஸ்ஸ்விட்ச் கோப்பின் வரிசைப்படியே கேட்டு விடை தருகிறது. பலர் ‘டிக்’ கட்டளையை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, “எனக்குப் புதிய முகவரிதான் வருகிறது, ஆனாலும் உலாவி பழைய இடத்துக்குப் போகிறது” என்று குழம்புகிறார்கள். டிக் என்பது டிஎன்எஸ் வழங்கியிடம் நேரடியாகக் கேட்கும் கருவி. அது என்எஸ்ஸ்விட்ச் கோப்பைப் பார்ப்பதில்லை, ஹோஸ்ட்ஸ் கோப்பையும் தானாகத் திறப்பதில்லை. மேலும், எந்த வகைப் பதிவு வேண்டும் என்று சொல்லாவிட்டால் அது ‘ஏ’ பதிவை, அதாவது இணைய முகவரியின் பழைய வகையான ஐபி பதிப்பு 4இன் முகவரியை மட்டுமே கேட்கும். ஏஹோஸ்ட்ஸ் அப்படியல்ல; பதிப்பு 4, அதற்குப் பின் வந்த பதிப்பு 6 ஆகிய இரண்டின் முகவரிகளையும் கேட்டு, நிரல்கள் எந்த ஒழுங்கில் முயன்று பார்க்குமோ அந்த ஒழுங்கிலேயே வரிசைப்படுத்திக் காட்டும்.

ஆசிரியையின் கணினியில் அந்த வரிசையைப் பார்த்ததுமே பாதி விடை தெரிந்துவிட்டது. பதிப்பு 4இன் முகவரி புதிய வழங்கியினுடையது. ஆனால் அதற்கு மேலே, முதலாவதாக நின்றது பதிப்பு 6இன் ஒரு முகவரி; அது பழைய வழங்கியினுடையது. டிக் கட்டளையை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பதிப்பு 6 முகவரி கண்ணிலேயே பட்டிருக்காது.

அடுத்து மறுமுனை. பெயருக்குப் பொறுப்பான வழங்கிகள் எவை என்பதை டிக் கட்டளையில் ‘என்எஸ்’ வகைப் பதிவைக் கேட்டு அறியலாம். பிறகு அவற்றில் ஒன்றின் பெயரை @ குறியுடன் சேர்த்து, ‘+நோரிகர்ஸ்’ என்ற தெரிவுடன், பதிப்பு 6 முகவரிக்கான நான்கு-ஏ பதிவைக் கேட்க வேண்டும். விடையின் தலைப்பில் ‘ஏஏ’ என்ற கொடி இருந்தால் அது பொறுப்பானவரே சொல்லும் விடை; இடையில் எவருடைய கேச்சும் இல்லை. இங்கே கிடைத்த விடையில் அந்தக் கொடி இருந்தது, பழைய முகவரியும் இருந்தது. சில செக்கன்கள் கழித்து மீண்டும் கேட்டபோதும் ஆயுட்காலம் 86400 என்ற முழு எண்ணாகவே நின்றது. கேச்சிலிருந்து வரும் விடையில் இந்த எண் ஒவ்வொரு செக்கனும் குறைந்துகொண்டே வரும். பொறுப்பான வழங்கியிடம் கேட்கும்போது அது குறைவதில்லை. எது மூலம், எது பிரதி என்று பிரித்தறிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

அதாவது, பழைய விடை எந்தக் கேச்சிலும் தங்கியிருக்கவில்லை. தளத்தை மாற்றியவர்கள் ஏ பதிவைப் புதுப்பித்துவிட்டு நான்கு-ஏ பதிவை அப்படியே விட்டுவிட்டார்கள். இப்படியிருக்க, 48 மணித்தியாலம் அல்ல, 48 நாள் பொறுத்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. கேச்சை அழித்திருந்தால் அழிக்க அழிக்க அதே பழைய விடை புத்தம் புதிதாக வந்து சேர்ந்திருக்கும்.

அப்படியானால் மாணவர்களுக்கு மட்டும் ஏன் புதிய பக்கம் தெரிந்தது? அவர்கள் பயன்படுத்திய இணைப்புகளில் பதிப்பு 6 இருக்கவில்லை; ஆசிரியையின் வீட்டு இணைப்பில் இருந்தது. இரண்டு முகவரிகளும் கிடைக்கும்போது எதை முன்னால் வைப்பது என்ற விதிகள் ஆர்எஃப்சி 6724இல் உள்ளன; பதிப்பு 6 இணைப்பு ஒழுங்காக இயங்கும் கணினியில் அவ்விதிகளின்படி பொதுவாக அதுவே முன்னால் வரும். உலாவிகளும் பதிப்பு 6ஐ முதலில் முயன்று, அது சற்று நேரத்துக்குள் இணையாவிட்டால் பதிப்பு 4க்கு மாறிக்கொள்கின்றன. பழைய வழங்கி அணைக்கப்பட்டிருந்தால் உலாவி தானாகவே புதிய வழங்கிக்குப் போயிருக்கும், ஆசிரியையும் ஒரு சிறு தாமதத்தைத் தவிர வேறெதையும் உணர்ந்திருக்கமாட்டார். ஆனால் வாடகைக் காலம் முடியாததால் பழைய வழங்கி நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருந்தது. கேட்டவுடன் பழைய பக்கத்தை எடுத்துக் கொடுத்தது. பிழைச் செய்தி எதுவும் வராமல் பழையது மட்டும் வந்ததற்கு இதுவே காரணம்.

கல்வி நிலையத்தில் தளத்தைப் பராமரிப்பவரிடம் கெட்என்ட், டிக் ஆகிய இரண்டின் விடைகளையும் அனுப்பியதும் அவர் அந்த நான்கு-ஏ பதிவை நீக்கிவிட்டார். பொறுப்பான வழங்கியிடம் மீண்டும் கேட்டபோது அந்தப் பதிவு அங்கே இல்லை. ஆயினும் கல்லடிக் கணினியில் கெட்என்ட் இன்னும் பழைய முகவரியைத்தான் முதலில் காட்டியது. இப்போதுதான் இது உண்மையிலேயே காலாவதியான விடையின் பிரச்சினையாக மாறியது. மூலத்தில் இல்லாத ஒன்றை யாரோ நினைவில் வைத்திருந்து சொல்கிறார்கள்.

கணினிக்குள் இருக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் சேவையை விசாரிக்க ‘ரிசால்வ்சிரிஎல்’ என்ற கட்டளை உதவுகிறது. ‘ரிசால்வ்சிரிஎல் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால் எந்த வலையமைப்பு இடைமுகம் எந்த டிஎன்எஸ் வழங்கியை நம்பியிருக்கிறது என்று காட்டும். ‘ரிசால்வ்சிரிஎல் குவெரி’ என்று பெயரைக் கொடுத்துக் கேட்டால், புதிய பதிப்புகளில், விடையின் அடியில் அது கேச்சிலிருந்து வந்ததா, வலையமைப்பிலிருந்து வந்ததா என்பதையும் ஒரு வரியில் சொல்லும். அந்த ஒரு வரி எவ்வளவு ஊகத்தை மிச்சப்படுத்துகிறது என்பதை, அது இல்லாத பழைய பதிப்புகளில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். இந்தச் சேவை அடங்கிய சிஸ்டம்டி தொகுப்பில், 2023இல் வெளிவந்த 254ஆம் பதிப்பு முதல் ‘ஷோ-கேச்’ என்ற துணைக்கட்டளை முழுக் கேச்சையும் பட்டியலிட்டுக் காட்டுகிறது. அதற்கு முந்திய பதிப்புகளில், அந்தச் சேவைக்கு ‘சிக்யூஎஸ்ஆர்1’ என்ற சைகையை அனுப்பினால் கேச்சில் உள்ளவற்றை அது பதிவேட்டில் எழுதிவிடும். ‘ஜேர்னல்சிரிஎல்’ மூலம் அதைப் படிக்கலாம். ‘சிக்யூஎஸ்ஆர்2’ என்ற சைகை கேச்சை அழித்துவிடும் என்பதால் இரண்டையும் மாற்றி அனுப்பிவிடாதீர்கள். பார்த்து முடித்த பிறகு ‘ரிசால்வ்சிரிஎல் ஃபிளஷ்-கேச்சஸ்’ என்று கொடுத்து அழிக்கலாம். 2018க்கு முந்திய அமைப்புகளில் ரிசால்வ்சிரிஎல் இருக்காது. அங்கே ‘சிஸ்டம்டி-ரிசால்வ்’ என்ற கட்டளையுடன் ‘--ஃபிளஷ்-கேச்சஸ்’ என்ற தெரிவைக் கொடுக்க வேண்டும்.

இந்தச் சேவையைப் பற்றி ஒரு விடயத்தை மனத்தில் வைத்திருப்பது நல்லது. பதிவின் ஆயுட்காலம் எவ்வளவு நீளமாக இருந்தாலும், இயல்பான அமைப்பில் அது எந்த விடையையும் 2 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஆகவே காலையில் கண்ட பழைய முகவரி மாலையிலும் அப்படியே இருந்தால், கணினிக்குள் இருக்கும் இந்தக் கேச்சைக் குறைகூறிப் பயனில்லை. அதற்கு அப்பால் உள்ள ஒருவர் அதே விடையை மீண்டும் மீண்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

கல்லடியில் அதுதான் நடந்தது. உள்ளூர்க் கேச்சை அழித்த பிறகும் குவெரி பழைய முகவரியையே தந்தது, ஆனால் இம்முறை வலையமைப்பிலிருந்து வந்ததாகச் சொன்னது. டிக் கட்டளையில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1ஐ @ குறியுடன் கொடுத்து நேராக அதனிடமே கேட்டேன். ஆயுட்காலம் 61240 என்று வந்தது. பத்துச் செக்கன் கழித்து 61230. குறைந்துகொண்டு வரும் எண், ஆகவே பிரதி. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் ‘டிஎன்எஸ்மாஸ்க்’ என்ற சிறு நிரல்தான் இந்த வேலையைச் செய்கிறது. அது நினைவில் வைத்தவை யாவும் மின்சாரம் நின்றால் போய்விடும். ரவுட்டரை அணைத்துப் போட்டோம். மீண்டும் கேட்டபோது, விட்ட இடத்திலிருந்து குறைந்த எண்ணுடன் அதே பழைய முகவரி வந்தது. ரவுட்டருக்கு விடை சொல்லும் அடுத்த படியில், இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் டிஎன்எஸ் வழங்கியில்தான் அது தங்கியிருக்கிறது என்பதை அந்த எண்ணே சொல்லிவிட்டது. 61000 செக்கன் என்றால் கிட்டத்தட்ட 17 மணித்தியாலம். நிறுவனத்தின் வழங்கி இதில் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒரு நாளுக்குச் செல்லுபடியாகும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட விடையை ஒரு நாளுக்கு வைத்திருக்கிறது.

ஆசிரியைக்கு அன்று மாலை இணையவழி வகுப்பு இருந்ததால் 17 மணித்தியாலம் பொறுக்க வழியில்லை. எவரும் பயன்படுத்தக்கூடிய பொது டிஎன்எஸ் வழங்கிகளான கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1இடமும் கூகுளின் 8.8.8.8இடமும் டிக் மூலம் கேட்டுப் பார்த்தபோது இரண்டிலும் பழைய பதிவு இல்லை. ஆகவே ‘ரிசால்வ்சிரிஎல் டிஎன்எஸ்’ என்று எழுதி, இடைமுகத்தின் பெயரையும் 1.1.1.1ஐயும் கொடுத்து, அந்த இணைப்புக்கு மட்டும் தற்காலிகமாக வேறு வழங்கியைக் காட்டினேன். இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தால் இந்த அமைப்புத் தானாகவே போய்விடும் என்பதால் இதை நான் விரும்புகிறேன். எந்த டிஎன்எஸ் வழங்கியிடம் கேட்பது என்று எழுதியிருக்கும் ‘ரிசால்வ்’ அமைப்புக் கோப்பைக் கையால் திருத்தி, அது மாறாதபடி பூட்டியும் வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது ஒரு நாள் பிரச்சினைக்குப் பல ஆண்டுப் பிரச்சினையை விலையாகக் கொடுப்பதாகும். அப்படிப் பூட்டப்பட்ட கோப்பில், இப்போது இயங்காத ஒரு வழங்கியின் முகவரி எழுதியிருப்பதையும், யார் எதற்காக எழுதினார் என்று எவருக்கும் தெரியாதிருப்பதையும் கல்முனையில் ஓர் அலுவலகக் கணினியில் பார்த்திருக்கிறேன். பொதுவான டிஎன்எஸ் வழங்கிகளிலேயே பழைய விடை தங்கியிருந்தால் அதற்கும் வழி உண்டு: கூகுளும் கிளவுட்ஃபிளேரும் தங்கள் கேச்சிலிருந்து ஒரு பெயரை நீக்கும்படி எவரும் கேட்கக்கூடிய இணையப் பக்கங்களை வைத்திருக்கின்றன.

ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். புதிய தளத்தைச் சோதித்துப் பார்ப்பவர்கள் அந்தக் கோப்பில் ஒரு வரியை எழுதிவிட்டுப் பிறகு நீக்காமல் விடுவது மிகவும் சாதாரணம். முற்காலத்தில் கெட்என்ட் ஒரு விடையும் டிக் வேறொரு விடையும் தந்தால் உடனே ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பார்ப்போம். இப்போது சிஸ்டம்டி-ரிசால்வ்ட் அந்தக் கோப்பைத் தானும் படித்து, 127.0.0.53இல் வரும் கேள்விகளுக்கு அதிலிருந்தே விடை சொல்கிறது. ஆகவே வெறுமனே டிக் என்று கேட்டால் அதுவும் ஹோஸ்ட்ஸ் கோப்பின் விடையைத்தான் காட்டும். இரண்டும் ஒத்துப்போவதைப் பார்த்து ஏமாந்துவிட வாய்ப்பிருக்கிறது. @ குறியுடன் வெளியே உள்ள ஒரு வழங்கியின் முகவரியைக் கொடுத்துக் கேட்பதை எப்போதும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பழைய டெபியன் போன்ற கணினிகளில் ‘என்எஸ்சிடி’ என்ற கேச் சேவை இயங்கக்கூடும். ‘என்எஸ்சிடி -ஐ ஹோஸ்ட்ஸ்’ என்பது அதை வெறுமையாக்கும். டிஎன்எஸ்மாஸ்க் கணினியிலேயே இயங்கினால் அதற்கு ‘சிக்எச்யூபி’ என்ற சைகையை அனுப்பினால் போதும், நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸில் ‘அபவுட்:நெட்வொர்க்கிங்’ பக்கத்தின் டிஎன்எஸ் பகுதியில் அதன் கேச்சைப் பார்க்கவும் அழிக்கவும் முடியும். உலாவியில் ‘எச்டிடிபிஎஸ் வழியான டிஎன்எஸ்’ செயற்படுத்தப்பட்டிருந்தால் அது மேலே சொன்ன படிகளில் பெரும்பாலானவற்றைத் தாண்டி நேராக வெளியே கேட்கிறது என்பதால், கெட்என்ட் சொல்வதும் உலாவி காட்டுவதும் வேறுபட்டால் முதலில் அந்த அமைப்பைப் பார்க்க வேண்டும்.

நெடுநேரம் இயங்கும் நிரல்கள் தனி வகை. இணையத்தளங்களை வழங்கும் நிரலான என்ஜின்எக்ஸ், அமைப்புக் கோப்பில் பெயராக எழுதப்பட்ட பின்புற வழங்கியின் முகவரியை, வழக்கமான அமைப்பில், தொடங்கும்போது மட்டுமே கேட்டு வைத்துக்கொள்கிறது. முகவரி மாறினால் அதற்கு ‘ரீலோட்’ கொடுக்க வேண்டும். ஜாவாவில் விடையை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதைத் தனி அமைப்பு ஒன்று தீர்மானிக்கிறது. 2017இல் வந்த ஜிலிப்சி 2.26க்கு முன்பு, ரிசால்வ் அமைப்புக் கோப்பு மாறியதை இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள் தாமாக அறிந்துகொள்வதும் இல்லை. இவை எதையும் எந்த ஃபிளஷ் கட்டளையும் தொடாது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பும் அப்படித்தான்: முகவரி மாறினாலும், திறந்த இணைப்பு மூடப்படும்வரை அதே பழைய வழங்கியுடன்தான் பேசிக்கொண்டிருக்கும். ஆசிரியையின் கணினியில் கெட்என்ட் சரியான முகவரியைக் காட்டிய பிறகும் ஃபயர்ஃபாக்ஸில் பழைய பக்கமே ஒரு முறை வந்தது. உலாவியை முழுவதும் மூடித் திறந்ததும் புதிய வினாத்தாள் தெரிந்தது.

“இல்லை” என்ற விடையும் நினைவில் வைக்கப்படுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பெறுபேறுகளுக்கென்று ஒரு துணைப்பெயரைத் தளத்தில் புதிதாக உருவாக்கப் போகிறோம் என்று அறிவித்துவிட்டு, அதை உருவாக்குவதற்கு முன்பே நாமோ மாணவர்களோ ஒரு முறை திறந்து பார்த்துவிட்டால், அந்தப் பெயர் இல்லை என்ற விடை ரவுட்டரிலும் நிறுவனத்தின் வழங்கியிலும் பதிந்துவிடுகிறது. 1998இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2308இன்படி, அது எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெயரின் பதிவுத் தொகுப்பைப் பற்றிய விவரங்களைக் கொண்ட ‘எஸ்ஓஏ’ பதிவில் கடைசியாக உள்ள எண்ணும் அந்தப் பதிவின் சொந்த ஆயுட்காலமும் ஆகும். இரண்டில் சிறியது எதுவோ அதுவே செல்லும். டிக் கட்டளையில் எஸ்ஓஏ வகையைக் கேட்டால் இரண்டையும் பார்க்கலாம். ஆகவே பெயரை முதலில் உருவாக்கி, பொறுப்பான வழங்கியிடம் நேராகக் கேட்டு உறுதிசெய்த பிறகே அதை மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டும்.

முகவரியை மட்டும் மாற்றாமல், பெயருக்குப் பொறுப்பான வழங்கிகளையே மாற்றுவது இன்னும் கவனம் தேவைப்படும் வேலை. அந்தத் தகவல் பெயரைப் பதிவுசெய்துள்ள மேல்நிலை வலயத்தில் (.lk, .com போன்றது) இருக்கிறது. அதன் ஆயுட்காலம் நம் கையில் இல்லை. பழைய வழங்கிகளிலிருந்து நமது வலயம், அதாவது நமது பெயரின் பதிவுத் தொகுப்பு, நீக்கப்படாவிட்டால், பழைய என்எஸ் பதிவை நினைவில் வைத்திருப்பவர்கள் அங்கே போய்க் கேட்டு, ஏஏ கொடியுடனேயே பழைய விடையை வாங்கிவருவார்கள். ‘டிக் +டிரேஸ்’ என்பது மூல வழங்கிகளிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கிக் கேட்டு, இப்போது யார் பொறுப்பு என்பதைக் காட்டும். மாற்றம் நடக்கும் காலம் முழுவதும் பழையது, புதியது ஆகிய இரண்டு இடங்களிலும் ஒரே பதிவுகளை வைத்திருப்பதே பாதுகாப்பானது.

இத்தகைய இடமாற்றத்துக்கு முன்னேற்பாடு எளிது, ஆனால் நேரத்தோடு செய்ய வேண்டும். பதிவின் ஆயுட்காலம் 86400 ஆக இருந்தால், மாற்றத்துக்கு ஒரு நாளுக்கும் மேலாக முன்னதாகவே அதை 300 ஆகக் குறைத்துவிட வேண்டும். மாற்றும் நாளன்று காலையில் குறைப்பதால் பயனில்லை, ஏனெனில் முந்தைய நாள் கேட்டவர்கள் கையில் இருப்பது 86400 என்று எழுதிய விடை. ஏ, நான்கு-ஏ இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய வழங்கியில் பதிப்பு 6 இல்லையென்றால் பழைய நான்கு-ஏ பதிவை நீக்குங்கள். பழைய வழங்கியை உடனே அணைக்காமல் சில நாள் விட்டுவைத்து, அங்கே வருவோரின் பதிவேட்டைப் பாருங்கள். யார் இன்னும் பழைய முகவரியோடு வருகிறார்கள் என்பது அதில் தெரியும். எல்லாம் ஒழுங்கானதும் ஆயுட்காலத்தை மீண்டும் உயர்த்தலாம்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இதே பிரச்சினையோடு எனக்கு எழுதுபவர்கள், கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ் தந்த விடை, ரிசால்வ்சிரிஎல் குவெரி தந்த விடை, ரவுட்டரிடம் நேராகக் கேட்ட விடை, பொறுப்பான வழங்கியிடம் ஏ, நான்கு-ஏ இரண்டுக்கும் கேட்ட விடை ஆகியவற்றை அனுப்புங்கள். ஒவ்வொன்றும் எத்தனை மணிக்குக் கேட்கப்பட்டது என்பதையும் அருகில் எழுதுங்கள். கேட்ட நேரம் இல்லாமல் ஆயுட்காலத்தின் எண்ணை மட்டும் வைத்து எதையும் கணக்கிட முடியாது.